பணியாரம் விற்றவளின் பெயர் என்ன?

தமிழ் இலக்கியம் படிக்கும் மாணவி, கடற்கரைப் பெண்ணை இரண்டு இடங்களில் சந்தித்திருக்க வேண்டும். முதலாவது நெய்தல் திணை. அங்கே அவள் தலைவனை நினைத்து இரங்கிக்கொண்டிருப்பாள். இரண்டாவது அச்சு வரலாறு. 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’, அண்டிரிக் அடிகளார் என்று இரண்டு மதிப்பெண் வினாவாக அது முடிந்துவிடும். அந்த நூல் முத்துக்குளித்துறைப் பரதவக் கிறிஸ்தவர்களுக்காக, அவர்கள் திரட்டித் தந்த பணத்தில் அச்சானது என்பதைச் சொல்லிவிட்டாலும், பெண் அங்கே இல்லை.

கள்ளக்குறிச்சியில் இந்தப் பாடத்தை நடத்துகிறேன். என் மாணவிகளில் பலர் கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வருபவர்கள். கடல் அவர்களுக்குத் தொலைவு. ஆனால் தம் வாழ்வைப் பிறர் எழுதிவைப்பது எப்படியிருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். 1976 வரை அந்த மலை ஜாகிர்தார்களின் கையில் இருந்தது. கூலியில்லாத வேலை அங்கே வழக்கமாக இருந்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றபோது, மலை என்றாலே சாராயம் என்ற பழைய பேச்சு திரும்ப எழுந்தது. மலைப்பெண்ணிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அதனால்தான் கடற்கரை வரலாற்றையும் இங்கிருந்தே கேள்வி கேட்கச் சொல்கிறேன்.

பரதவர் மதம் மாறியதற்கு வழிவழியாகச் சொல்லப்படும் காரணம் இது: 1530களில் தூத்துக்குடியில் பணியாரம் விற்கப் போன ஒரு பரதவப் பெண் அவமதிக்கப்பட்டாள். தட்டிக்கேட்ட கணவனின் காது அறுபட்டது. முத்துக்குளிக்கும் உரிமைக்காக முஸ்லிம் வணிகர்களோடு ஏற்கெனவே இருந்த பகை கலவரமாயிற்று. பட்டங்கட்டிகள் கொச்சிக்குப் போய்ப் போர்ச்சுகீசியரிடம் பாதுகாப்புக் கேட்டார்கள். 1536-37இல் சுமார் 20,000 பேர் திருமுழுக்குப் பெற்றார்கள். அறுபட்ட காது வரலாற்றில் நின்றுவிட்டது. பணியாரம் விற்றவளுக்குப் பெயர்கூட இல்லை. அவளுக்கு நேர்ந்ததிலிருந்து தொடங்கும் கதையில், முடிவெடுக்கும் இடத்தில் அவள் இல்லை.

1542இல் பிரான்சிஸ் சவேரியார் வருகிறார். செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, மனப்பாடம் பண்ணி ஊர் ஊராகச் சொல்லித் தந்த அவருடைய உழைப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் 1544இல் மன்சிலாசுக்கு எழுதிய கடிதத்தில் சாராயம் குடிக்கும் பெண்களுக்கு அவர் விதித்ததையும் படியுங்கள்: மூன்று நாள் சிறை. போர்ச்சுகல் அரசி கத்தரீனாவின் காலணிச் செலவுக்கென்று இந்தக் கடற்கரையிலிருந்து ஆண்டுதோறும் 4,000 பணம் போய்க்கொண்டிருந்தது. அதை உபதேசியார்களின் சம்பளத்துக்குக் கேட்டு வாங்கியவரும் அவர்தான். கடலோடியின் மூச்சு அரசியின் செருப்பாகவும் உபதேசியாரின் சம்பளமாகவும் ஆனது. உலை வைத்தவளுக்குக் கிடைத்தது தண்டனைச் சட்டம்.

இன்று இரண்டு கூட்டம் இந்த வரலாற்றுக்கு உரிமை கொண்டாடுகிறது. ‘அரிசி மூட்டைக்கு மாறியவர்கள்’ என்று ஏசுகிறது ஒன்று. இருளில் கிடந்தவர்களுக்கு ஒளி தந்தோம் என்கிறது மற்றது. முந்தைய கூட்டத்துக்கு இந்த மக்கள் விலைபோனவர்கள், பிந்தையதற்கு மீட்கப்பட்டவர்கள். சுயபுத்தியுள்ளவர்களாக இரண்டுமே அவர்களைப் பார்ப்பதில்லை. அதிலும் பெண்ணுக்குப் புத்தி இருந்திருக்கலாம் என்ற சந்தேகம்கூட இருவருக்கும் வரவில்லை.

ஐந்நூறு ஆண்டு விசுவாசத்தை நடத்தியது யார்? சவேரியார் வகுத்த ஒழுங்கில் சனிக்கிழமை கோயிலில் கூடியவர்கள் பெண்கள். ஆண்கள் கடலில் இருக்கும் இரவுகளில் செபமாலை உருட்டுகிறவள் அவள். தென்கோடி முக்குவப் பெண்களைப் பற்றி 1991இல் நூல் எழுதிய கல்பனா ராம், கடனையும் சீட்டையும் கைமாற்றையும் பெண்கள் நடத்துவதால்தான் அந்தக் குடும்பங்கள் நிற்கின்றன என்று காட்டினார். இடிந்தகரையைப் பாருங்கள். 2011இலிருந்து கூடங்குளம் அணு உலைக்கு எதிராக லூர்து மாதா கோயில் முன் பந்தலில், பீடி சுற்றிக்கொண்டே உட்கார்ந்திருந்தவர்கள் பெண்கள். தேசத்துரோக வழக்கு அவர்கள் மேலும் பாய்ந்தது. சிறைக்கும் போனார்கள். மாதாவை அவர்கள் பீடத்தில் விட்டுவைக்கவில்லை, போராட்டத்துக்குத் துணையாக அழைத்துக்கொண்டார்கள்.

அந்தப் பெண் கோயிலைக் கூட்டலாம், பூக்கட்டலாம், பாடலாம், பலிபீடத்தில் பூசை வைக்க முடியாது. பெண்களுக்குக் குருப்பட்டம் தரத் திருச்சபைக்கு அதிகாரமில்லை என்று 1994இல் போப் இரண்டாம் ஜான் பால் அறிவித்ததோடு பேச்சு முடிந்தது என்கிறார்கள். கோயிலுக்கு வெளியே வந்தால் சாதி காத்திருக்கிறது. 2021 டிசம்பரில் குளச்சல் பேருந்து நிலையத்தில், மீன் விற்றுவிட்டு வீடு திரும்பிய மூதாட்டியை நாற்றம் என்று சொல்லி அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். ஆனால் கூடை சுமப்பவளின் உடம்பைத் தீட்டாகப் பார்க்கும் மூக்கை எந்த ஆணை நீக்கும்?

மாணவிகளே, நெய்தல் பாட்டைப் படிக்கும்போது இரங்கலோடு நிறுத்தாதீர்கள். அன்று மீனை உணக்கியது யார், விற்றது யார், காசை எண்ணியது யார் என்று கேளுங்கள். சமயத்தின் வரலாற்றைப் படிக்கும்போது யார் திருமுழுக்குக் கொடுத்தார் என்பதோடு விடாமல், மறுநாள் காலை யார் அதை வாழ்ந்து காட்டினார் என்றும் கேளுங்கள். திருச்சபையிடம் கேட்க வேண்டியது தனி: விசுவாசத்தைச் சுமக்கத் தகுதியுள்ள தோள், முடிவெடுக்கும் நாற்காலியில் சாயத் தகுதியற்றது எப்படி? மலையிலிருந்து வருகிற நீங்கள் இதைக் கேட்டால், உங்கள் ஊர்க் கதைகளிலும் பெயரில்லாமல் நிற்கும் பெண்கள் கண்ணில் படுவார்கள். அவர்களைப் பற்றி நீங்களே எழுதுங்கள்.