காரை நிறுத்துறது பிரேக் இல்லை மக்கா!

முதல்லயே முடிவைச் சொல்லிடறேன், சண்டைக்கு வர்றவங்களுக்கு வசதியா இருக்கும். சின்ன காருக்கு வெளிக்கடையில பெரிய பிரேக் வாங்கி மாட்டுறது முக்கால்வாசிப் பேருக்கு வீண் செலவு. மிச்சப் பேர்ல பாதிப் பேருக்கு ஆபத்து. அந்தக் காசுக்கு நாலு நல்ல டயர் வாங்கிப் போடுங்க. அவ்வளவுதான் விஷயம். அவசரமா போறவங்க இத்தோட கிளம்பலாம் :)

பொறுமை இருக்கிறவங்க ஒரு டீயை எடுத்துக்கிட்டு உக்காருங்க.

எங்க சாத்தான்குளம் பக்கம் பையன்களுக்கு இது ஒரு காய்ச்சல் மாதிரி வந்திருக்கு. முதல்ல சைலன்சர், அப்புறம் அலாய் வீல், இப்போ பிரேக். எங்க அக்கா மகன் ஒரு பழைய ஸ்விஃப்ட் வாங்கி வச்சிருக்கான். அதுக்கு முன்னாடி பெரிய டிஸ்க், சிவப்பு கலர்ல நாலு பிஸ்டன் காலிப்பர், அதெல்லாம் உள்ள அடங்கணும்னா 16 இஞ்ச் வீல். மொத்தமா ஒரு பெரிய தொகை. "எதுக்குல இது?"ன்னு கேட்டா, "மாமா, மிதிச்சா சட்டுன்னு நிக்கும்லா"ங்கான்.

ஆசை தப்பில்லை. ஊரே காதைப் பொத்துற மாதிரி சைலன்சர் மாட்டுறவனை விட, வண்டி நிக்கணும்னு கவலைப்படுறவன் எவ்வளவோ மேல். ஆனா அந்த 'சட்டுன்னு நிக்கும்'ங்கிறது உண்மையான்னு பாக்கணுமா இல்லையா?

எது காரை நிறுத்துது?

பிரேக் நிறுத்துறது சக்கரத்தை. காரை நிறுத்துறது டயர். தரையோட ஒட்டிக்கிட்டிருக்கிறது நாலு உள்ளங்கை அளவு ரப்பர் மட்டும்தான். அதோட பிடிமானம் எவ்வளவோ அவ்வளவுதான் வண்டி நிக்கும். அதுக்கு மேல பிரேக் எவ்வளவு அழுத்தினாலும் சக்கரம் பூட்டிக்கிட்டு வழுக்கும், இல்லேன்னா ஏபிஎஸ் வந்து படபடன்னு பெடலை உதைக்கும்.

சோதிக்கிறதும் சுலபம். ஆளில்லாத ரோட்டுல, பின்னாடி வண்டி இல்லைன்னு பாத்துக்கிட்டு, 50 கி.மீ. வேகத்துல ஒரு தடவை முழுசா மிதிச்சுப் பாருங்க. ஏபிஎஸ் உதைச்சா, உங்க கம்பெனி பிரேக் கிட்டயே டயர் தாங்குறதை விட அதிக பலம் இருக்குன்னு அர்த்தம். அதுக்கு மேல எதுக்கு இன்னும் பெரிய பிரேக்? குடம் ரொம்பி வழியும்போது குழாயைப் பெருசாக்குற கதைதான்.

கணக்கையும் போட்டுருவோம். காய்ஞ்ச தார் ரோடு, நல்ல டயர், பிடிமானம் 0.8-ன்னு வச்சுக்குவோம். 60 கி.மீ. வேகத்துல மிதிச்சா சுமார் 18 மீட்டர்ல நிக்கும். 80-ல சுமார் 31 மீட்டர். 100-ல சுமார் 49 மீட்டர். இந்தக் கணக்குல வேகம் வருது, பிடிமானம் வருது. டிஸ்க்கோட அளவு எங்கயும் வரலை. காரோட எடை கூட அடிபட்டுப் போயிடுது.

அதுக்கும் முன்னாடி நம்ம மூளை எடுக்கிற நேரம் இருக்கு. கண்ணு பாத்து கால் மிதிக்க ஒரு செகண்டுன்னு வச்சாலும், 80-ல வண்டி 22 மீட்டர் ஓடியிருக்கும். ஆக மொத்தம் 50 மீட்டருக்கு மேல. இதே 60-ல போயிருந்தா மொத்தம் 35 மீட்டர்தான். அந்த வித்தியாசத்தை எந்த இத்தாலிக்காரன் காலிப்பரும் தராது. கால் கட்டைவிரல்தான் தரும், அதுவும் இலவசமா.

எங்க ஊரு ரோடு வேற மாதிரி

1986-ல மாவட்டத்தைப் பிரிச்சு எங்களைத் தூத்துக்குடியில சேத்தாங்க. பேச்சும் ரோடும் இன்னும் நெல்லைச் சீமைதான். சாத்தான்குளத்துல இருந்து உடன்குடி வழியா திருச்செந்தூர் போற பாதையோ, திசையன்விளை போற பாதையோ, பெரும்பாலும் சமதரை. ஆபத்து வேற ரூபத்துல வரும். பனைமர நிழல்ல இருந்து திடீர்னு இறங்குற ஆட்டுக் கூட்டம், லைட் இல்லாத டிராக்டர், குறுக்க பறக்குற மயில். அப்புறம் தேரி மண். ஆனி, ஆடிக் காத்துல அந்தச் செம்மண் ரோட்டுல வந்து படியும். பாத்தா லேசா பவுடர் பூசின மாதிரிதான் இருக்கும்.

அந்த மண்ணு மேல பிடிமானம் பாதியாச்சுன்னு வைங்க, 80-ல நிக்க வேண்டிய 31 மீட்டர் 60 மீட்டரைத் தாண்டிரும். அங்க போய் நாலு பிஸ்டன் என்ன, நாப்பது பிஸ்டன் போட்டாலும் சக்கரம்தான் நிக்கும், வண்டி போய்க்கிட்டே இருக்கும்.

பெருசு மாட்டினா என்ன கெடும்?

"சரி மாமா, பிரயோஜனம் இல்லேன்னாலும் கெடுதல் இல்லையே?"ன்னு அடுத்த கேள்வி. இருக்கு மருமவனே. ஒண்ணொண்ணா சொல்றேன்.

1. முன்பின் சமநிலை. பிரேக் போட்டா எடை முன்னால சாயும், அதனால முன் பிரேக்குக்கு வேலை ஜாஸ்தி. முன்னாடி எவ்வளவு, பின்னாடி எவ்வளவுன்னு கம்பெனிக்காரன் அளந்து வச்சிருக்கான். நீங்க முன்னாடி மட்டும் பெருசாக்கினா, முன் சக்கரம் சீக்கிரமே பூட்டிக்க வரும், பின் சக்கரம் செய்யக்கூடிய வேலையைச் செய்யாம சும்மா உருளும். நாலு டயர் நிறுத்த வேண்டிய வண்டியை ரெண்டரை டயர் நிறுத்தும். தூரம் குறையாது, கூடவும் செய்யலாம். பின்னாடி பெருசாக்கினா இன்னும் மோசம், பின் சக்கரம் பூட்டி வண்டி பம்பரமாச் சுத்தும்.

2. பெடல். பெரிய பிஸ்டனைத் தள்ள ஆயில் அதிகம் வேணும். மாஸ்டர் சிலிண்டர் பழைய அளவுலயே இருந்தா, பெடல் ஆழமா இறங்கும், மெத்து மெத்துன்னு இருக்கும். அவசரத்துல அந்த ரெண்டு இஞ்சுக்கு விலை உண்டு.

3. ஏபிஎஸ். 2019 ஏப்ரல்ல இருந்து இந்தியாவுல விக்கிற எல்லாப் புதுக் கார்லயும் ஏபிஎஸ் கட்டாயம். அந்தப் பெட்டிக்குள்ள இருக்கிற கணக்கெல்லாம் அந்தக் காரோட டிஸ்க், காலிப்பர், டயர் அளவை வச்சு எழுதினது. நீங்க மாத்தினது அதுக்குத் தெரியாது.

4. எடை. பெரிய டிஸ்க், பெரிய வீல் எல்லாம் ஸ்பிரிங்குக்குக் கீழ சேர்ற எடை. குண்டு குழியில சக்கரம் தரையை விட்டு எழும்பினா திரும்ப வந்து ஒட்ட நேரமாகும். ஒட்டாத டயர் நிறுத்தாது. 16 இஞ்சுல டயரோட பக்கச்சுவர் வேற குறையும், ஒரு பள்ளத்துல விழுந்தா ரிம் நெளியும்.

5. சட்டம். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தோட 52-வது பிரிவு, ஆர்.சி.யில இருக்கிற விவரம் மாறுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாதுங்குது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதை அழுத்தமாச் சொல்லிருச்சு. அதே வருஷத்துத் திருத்தத்துல, அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொண்ணுக்கும் 5000 ரூபாய் அபராதம், இல்லேன்னா ஆறு மாசம் வரை சிறைன்னு சேத்தாங்க. ஆர்.சி.யில பிரேக் அளவு இருக்காது, உண்மைதான். ஆனா விபத்துன்னு வந்து இன்சூரன்ஸ்காரன் வண்டியைச் சுத்திப் பாக்கும்போது, சிவப்பு காலிப்பர்தான் முதல்ல கண்ணுல படும்.

அப்போ பெரிய பிரேக் எதுக்குத்தான்?

சூட்டுக்கு. இதைப் புரிஞ்சுக்கிட்டா பாதிக் குழப்பம் தீந்துரும். பிரேக்குங்கிறது ஓட்டத்தைச் சூடா மாத்துற அடுப்பு. ஒரு தடவை நிறுத்த சின்ன அடுப்பே போதும். திரும்பத் திரும்ப நிறுத்தணும்னாதான் பெரிய அடுப்பு.

இங்கிலாந்துல ஹெர்பர்ட் ஃப்ரூட்ங்கிறவர் 1897-ல பிரேக் கட்டை செய்ய ஆரம்பிச்சது மலை இறக்கத்துல போற குதிரை வண்டிகளுக்காக. இன்னிக்கு ஃபெரோடோன்னு பேடு விக்கிற பேரு அவர்கிட்ட இருந்து வந்ததுதான். 1953-ல லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்துல ஜாகுவார் சி-டைப் டிஸ்க் பிரேக்கோட ஜெயிச்சுது. மத்தவன் டிரம் சூடேறித் தளர்ந்துகிட்டிருக்கும்போது, இவனால மறுபடி மறுபடி கடைசி நேரத்துல மிதிக்க முடிஞ்சுது. அதுதான் ரகசியம்.

நம்ம கணக்குல பாருங்க. ஆள் ஏத்தின சின்ன கார் 1150 கிலோன்னு வச்சுக்குவோம். 100 கி.மீ. வேகத்துல இருந்து ஒரு தடவை நிறுத்தினா பிரேக்குல சேர்ற சக்தி சுமார் 4.4 லட்சம் ஜூல். இதே கார் 1000 மீட்டர் உயரம் இறங்கினா சுமார் 113 லட்சம் ஜூல். அதாவது நூறுல இருந்து இருபத்தஞ்சு தடவை நிறுத்தினதுக்குச் சமம். ஊட்டியில இருந்து மசினகுடிக்குக் கல்லட்டி வழியா 36 கொண்டை ஊசி வளைவுல இறங்குனா இதை விட அதிகம். கொல்லிமலையில 70 வளைவு.

அங்கயும் முதல் மருந்து பெரிய டிஸ்க் இல்லை, சின்ன கியர். ஏறின கியர்லயே இறங்கணும்னு பழைய லாரி டிரைவர்கள் சொல்லுவாங்க. இன்ஜின் பாதியைப் பிடிச்சுக்கும். பெட்ரோல் மிச்சம் பண்றேன்னு நியூட்ரல்ல உருட்டுறவனையும், இன்ஜினையே அணைச்சுட்டு இறங்குறவனையும் பாத்திருக்கேன். இன்ஜின் நின்னா பூஸ்டருக்கு வெற்றிடம் கிடைக்காது, ரெண்டு மூணு மிதிக்கு அப்புறம் பெடல் கல்லா இறுகிடும். பிரேக் அளவு பத்திப் பேச இவங்களுக்கெல்லாம் தகுதியே கிடையாது.

எங்க சாத்தான்குளத்துக்கும் திருச்செந்தூருக்கும் நடுவுல இருக்கிற பெரிய இறக்கம் வேகத்தடைதான். அதுக்கு லெ மான்ஸ் பிரேக்கா?

சரி, எப்போ மாட்டலாம்?

நியாயமாவும் பேசணும். இருங்காட்டுக்கோட்டை டிராக்குல சுத்துறவங்க, இன்ஜினை ஊதி பலத்தைக் கூட்டினவங்க, இவங்களுக்குத் தேவை இருக்கு. அவங்களும் பேடும் ஆயிலும் மாத்தி, அது போதலைன்னா மட்டும் அடுத்த படிக்குப் போகணும். மாட்டுறதுன்னா டிஸ்க், காலிப்பர், மாஸ்டர் சிலிண்டர், பின் பிரேக் எல்லாம் சேத்து ஒரே கணக்குல மாட்டணும். முன்னாடி மட்டும் மாட்டி போட்டோ எடுக்கிறதுக்குப் பேரு அலங்காரம். அலங்காரம்தான் வேணும்னா காலிப்பருக்குச் சூடு தாங்குற சிவப்பு பெயிண்ட் அடிச்சுக்கோங்க, சாமி குத்தம் ஆகாது :)

மருமவனுக்கு நான் எழுதிக் கொடுத்த பட்டியல் இது:

1. டயர் பக்கத்துல நாலு எண் இருக்கும். 2319-ன்னா 2019-ம் வருஷம் 23-வது வாரம். பொத்தான் 1.6 மி.மீ.க்கு வந்தா சட்டப்படியே முடிஞ்சுது. ஆனா நம்ம வெயில்ல பொத்தான் மிச்சமிருந்தாலும் ரப்பர் காஞ்சு இறுகிடும். வயசையும் பாக்கணும். அவன் கார்ல இருந்தது எட்டு வருஷத்து டயர்!

2. பிரேக் ஆயில். அது காத்துல இருக்கிற ஈரத்தைக் குடிக்கும், கடலோரத்துல கேக்கவே வேண்டாம். டாட் 4 ஆயில் புதுசா இருக்கும்போது 230 டிகிரி வரைக்கும் கொதிக்கக் கூடாது. ஈரம் சேந்ததுக்கு அளவு 155 டிகிரிதான். கொதிச்சா குமிழி, குமிழின்னா பெடல் தரைக்குப் போயிரும். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்துறது பெரிய செலவில்லை.

3. நல்ல பேடு, போலி இல்லாம. பின் டிரம்மைத் திறந்து சுத்தம் பண்ணி அட்ஜஸ்ட் பண்றது. இதைச் செய்யாமலேதான் முக்கால்வாசிப் பேர் "பிரேக் பத்தலை"ங்கிறான்.

4. பழக்கம். ஏபிஎஸ் உதைச்சதும் பயந்து காலை எடுக்கிறவங்க அதிகம். எடுக்கக் கூடாது, அமுக்கியே இருக்கணும்.

பிரேக் விஷயத்துல நாம அந்நியன் இல்லை. டி.வி.எஸ்.ல இருக்கிற 'டி', திருக்குறுங்குடி. அந்த ஊர்ல 1877-ல பிறந்தவர்தான் சுந்தரம் ஐயங்கார். அவர் ஆரம்பிச்ச குழுமமும் இங்கிலாந்து லூகாஸும் சேந்து 1962-ல தொடங்கினது பாடியில இருக்கிற பிரேக்ஸ் இந்தியா. நாட்டுல ஓடுற எத்தனையோ சின்ன காருக்கு அளந்து பிரேக் செஞ்சு கொடுத்த கூட்டம் அது. அந்த அளவை ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானத்துல ஷெட்டுல வச்சு மாத்திரலாம்னு நினைக்கிறதுதான் எனக்குப் பிடிக்கலை.

எனக்கு உண்மையில பயம் எதுன்னா, பெரிய பிரேக் மாட்டினவன் கால் இன்னும் கொஞ்சம் அழுத்தும். "அதான் நிக்கும்லா"ன்னு 80-ல போனவன் 100-ல போவான். திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போறவங்க விடியக்காலம் இருட்டுல அந்த ரோட்டோரமாத்தான் பச்சை வேட்டி கட்டிக்கிட்டு, புள்ளைகளைத் தோள்ல தூக்கிக்கிட்டு நடக்கிறாங்க. அவங்களுக்கு வேண்டியது அவன் காலிப்பர்ல எத்தனை பிஸ்டன்ங்கிறது இல்லை. அவன் 60-ல வர்றானாங்கிறதுதான்.

டிஸ்கி: நான் மெக்கானிக் இல்லை, கணக்குப் போடுற கிறுக்கன் மட்டும்தான். கணக்குல பிழை கண்டுபிடிக்கிறவங்களுக்கு உடன்குடி கருப்பட்டி ஒரு கிலோ. மருமவன் டயர் மாத்திட்டான். காலிப்பர் ஆசை மட்டும் இன்னும் போகலை.