பாதைக்கும் குடிமராமத்து

ஏரியை வெட்டியவன் அரசன், காத்தவர்கள் ஊரார். மழைக்கு முன்னே கரையை உயர்த்தினார்கள், மதகைச் செப்பனிட்டார்கள், வாய்க்காலைத் தூர் வாரினார்கள். நீரைப் பயன்படுத்துகிறவன் உழைப்பும் தரவேண்டும் என்ற அந்த நியதிக்குக் குடிமராமத்து என்று பெயர். ஏரிக்கு இருந்த அம்முறை மலைப்பாதைக்கும் வேண்டும். அதில் முதல் மண்வெட்டியைப் பிடிக்க வேண்டியவர்கள், பொழுதுபோக்காக அப்பாதையில் ஜீப் ஓட்டுகிறவர்களே. இதுவே என் வாதம்.

பாலக்காட்டிலும் இடுக்கியிலும், தமிழக எல்லையை ஒட்டிய மலைகளில், தார்ச்சாலை முடிகிற இடத்தில் ஊர் முடிந்துவிடுவதில்லை. கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் நம் தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் அங்கே வண்டியில் போக வேண்டுமானால் கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து கல்லும் குழியுமான ஜீப் பாதையில்தான் ஏறவேண்டும். 2010இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாக அமைந்த இடமலைக்குடியை எடுத்துக் கொள்ளுங்கள். முதுவர் குடிகள் வாழும் அக்காட்டுக்குப் பெட்டிமுடியிலிருந்து செல்லும் ஜீப் தடமே பல்லாண்டுகள் உயிர்நாடியாக இருந்தது. மழையில் அத்தடம் அறுந்தால், நோயாளியைத் தோளில் தூக்கிக் கொண்டு காட்டைக் கடந்தார்கள். நகரத்தானுக்கு ஜீப் விளையாட்டு. மலையில் வாழ்கிறவனுக்கோ அதுவே ஆம்புலன்சு, அதுவே அரிசி வண்டி.

நான் இரண்டு ஆண்டுகளாக, விடுமுறை ஞாயிறுகளில், ஒரு ஜீப் சங்கத்தாரோடு மலைக்குப் போய் வருகிறேன். எனக்கு வண்டியும் இல்லை, ஓட்டவும் தெரியாது. ஆகையால் என் கையில் கடப்பாரையைக் கொடுத்தார்கள். சேறு தெறிக்க ஏறும் நாளில் முப்பது பேர் வருகிறார்கள். அந்தச் சேற்றைச் சீர் செய்யும் நாளில் ஏழு பேர் வருகிறார்கள். இந்தக் கணக்கு நேராக வேண்டாமா?

பாதைக்குப் பகைவன் யார்? பாரமான வண்டி என்பீர்கள். இல்லை, நீர்தான். ஈரமண்ணில் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்றால் பள்ளம் விழுகிறது. அடுத்த மழையில் அப்பள்ளம் ஓடையாகிறது. நீரின் வேகம் இரண்டு மடங்கானால், அது உருட்டக்கூடிய கல்லின் எடை ஏறத்தாழ 64 மடங்காகிறது என்பது பழைய இயற்பியல் விதி. சரிவில் நீரைத் தடையின்றி ஓடவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுமோ?

மருந்தும் எளியதே. பாதைக்குக் குறுக்கே, சற்றுச் சாய்வாக, சிறு வாய்க்கால் வெட்டிக் கல் பதித்து, நீர் வேகம் பிடிக்குமுன் அதைப் புல்வெளிக்குத் திருப்பிவிட வேண்டும். ஓரத்து வாய்க்காலில் அடைத்த இலைகுப்பையை அள்ள வேண்டும். பள்ளத்தை வெறும் மண்ணால் மூடாமல் கல்லிட்டுக் கெட்டிக்க வேண்டும். இது பட்டம் பெற்றவன் செய்யக்கூடாத வேலையன்று. எந்த இடத்தில் வெட்டுவது என்பதை எனக்குக் கற்றுத் தந்தவர், பள்ளிப் படியேறாத ஒரு தோட்டத் தொழிலாளிதான்.

இது நடவாத கனவா? கலிபோர்னிய மலைகளில் ரூபிகான் என்றொரு பாதை உண்டு. 1953 முதல் அங்கே ஜீப் திருவிழா நடந்து வருகிறது. பாதை அரித்து, மண் ஓடைகளில் கலந்தது. ஓட்டுவோரே 2001இல் ஓர் அமைப்பாகக் கூடிப் பழுது பார்க்கத் தொடங்கினார்கள். 2009இல் நீர்த்தரக் கட்டுப்பாட்டு வாரியம் கண்டிப்பான ஆணை பிறப்பித்தது. வடிகால் வேலைகள் தீவிரமாயின. பாதை மூடப்படவில்லை. இங்கோ, 2025 ஜூலையில் விபத்துகளை அடுத்து இடுக்கி மாவட்ட நிர்வாகம் ஜீப் சவாரிகளுக்குச் சில காலம் தடை விதித்தது. பொறுப்பை நாமே ஏற்காவிட்டால் பூட்டு வரும். அந்தப் பூட்டு நல்லவனையும் தடுக்கும்.

“சாலை போடுவது அரசின் கடமை, நாம் செய்தால் அரசு தூங்கிவிடாதா?” என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. நியாயமான கேள்வி. சாலை கேட்டு மனுக் கொடுங்கள், போராடுங்கள், நானும் வருகிறேன். ஆனால் மனு மேசைக்கு மேசை நகரும்போது பருவமழை காத்திருக்குமா? கோரிக்கை ஒரு கையில் இருக்கட்டும். மண்வெட்டி மறு கையில் இருக்கட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காடு நம் விருப்பப்படி வெட்டுவதற்குரியதன்று. பறம்பிக்குளத்துத் தேக்கடி மக்கள், தங்கள் சொந்தப் பாலக்காட்டுக்குப் போகவே தமிழகத்துச் சேத்துமடை வழியாகச் சுற்ற வேண்டியிருந்தது. 2020 அக்டோபரில் தாங்களே பாதை வெட்டத் துணிந்தார்கள். வனத்துறையோடு மோதல் எழுந்தது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டமோ, கிராம சபை பரிந்துரைத்தால் சாலைக்காக ஒரு எக்டேருக்குக் குறைவான வனநிலத்தை ஒதுக்க இடமளிக்கிறது. புதிய வழியைக் கேட்கும் உரிமை அங்கே வாழ்கிறவர்க்கே உண்டு. ஓட்ட வருகிறவனுக்கு உள்ளது கடமை மட்டுமே: அனுமதி பெற்று, இருக்கிற பாதையைக் காப்பது.

2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து 70 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் லயங்களில் உறங்கிய நம் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். அச்சரிவை எந்த மண்வெட்டியும் தடுத்திராது. ஆயினும் செய்தி வெளியுலகை எட்டவே மறுநாள் காலையாயிற்று. உதவிக்கு விரைந்தோர் சிதைந்த வழிகளோடு போராடினார்கள். வழி என்பது என்ன என்பதை அன்றைக்கு உணர்ந்தோம். உணர்ந்ததை மறந்தும் போனோம்.

தமிழ் மாணவத் தோழர்களே! நம்மில் பலருடைய பாட்டன்மார் போடி மலையேறி, கூலிக்கு இம்மலைகளில் வழி வெட்டியவர்கள். நம் மன்றம் ஆண்டுதோறும் மூணாற்றுக்கு உல்லாசப் பயணம் போகிறது. இவ்வாண்டு அதில் ஒரு நாளை, மழைக்கு முந்திய மே மாதத்தில், ஒரு பாதையின் வாய்க்காலுக்கு ஒதுக்குவோம். ஊராரைக் கேட்போம், உரியவரிடம் அனுமதி பெறுவோம், ஜீப் வைத்திருக்கும் அன்பர்களையும் அழைப்போம். வண்டி அவர்களுடையது, கடப்பாரை நம்முடையது என்று பிரித்துக்கொள்ள வேண்டாம். எல்லோரும் இறங்கி வெட்டுவோம்.