ஒரே ஒரு தட்டு உடைஞ்சுது... 330 ஹெலிகாப்டர் தரையில் நின்னுது! ராணுவ ஆர்டர் கேட்கும் சேலம் பட்டறைகள் கவனிக்க வேண்டிய விஷயம்

ஏற்காடு,

சேர்வராயன் மலையில் பனிமூட்டம் இறங்கிவிட்டால் எதிரே வருவது பஸ்சா, லாரியா என்றுகூட தெரியாது. அந்த நேரத்தில் வானத்தில் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் இங்குள்ளவர்களுக்கு இப்பவும் குன்னூர் ஞாபகம்தான் வரும்.

2021-ம் ஆண்டு டிசம்பர் 8-ந் தேதி சூலூரில் இருந்து வெலிங்டனுக்கு கிளம்பிய விமானப்படையின் எம்.ஐ.-17 வி5 ஹெலிகாப்டர் குன்னூர் அருகே விழுந்து நொறுங்கியது. முப்படை தலைமை தளபதி பிபின் ராவத், அவரது மனைவி உள்பட 13 பேர் அன்றைக்கே பலியானார்கள். உயிருக்கு போராடிய குரூப் கேப்டன் வருண் சிங் ஒரு வாரம் கழித்து இறந்தார்.

"மிஷின்ல ஏதோ பார்ட்டு போயிருக்கும்ணே" என்றுதான் டீக்கடைகளில் அப்போது பேச்சு. ஆனால் 2022 ஜனவரியில் வெளியான முப்படை விசாரணை முடிவு, எந்திர கோளாறும் இல்லை, சதியும் இல்லை, திடீர் மேகத்துக்குள் நுழைந்ததுதான் காரணம் என்றது. 2024 டிசம்பரில் வந்த பாராளுமன்ற நிலைக்குழு அறிக்கையில் "மனித தவறு" என்று பதிவாகி உள்ளது.

குன்னூரில் பார்ட்டு மேல் தப்பு இல்லை. பார்ட்டு காலை வாரிய சம்பவம் குஜராத்தில் நடந்தது.

போர்பந்தர் விபத்து

2025-ம் ஆண்டு ஜனவரி 5-ந் தேதி போர்பந்தர் விமான தளத்தில் கடலோர காவல்படையின் துருவ் ஹெலிகாப்டர் பயிற்சியின்போது கீழே விழுந்து 3 வீரர்கள் பலியானார்கள். பெங்களூர் எச்.ஏ.எல். நிறுவனம் தயாரிக்கும் ஹெலிகாப்டர் இது. விசாரணையில் "ஸ்வாஷ் பிளேட்" உடைந்திருப்பது தெரிய வந்தது. உடனே ராணுவம், கடற்படை, விமானப்படை, கடலோர காவல்படை என்று எல்லாரிடமும் இருந்த சுமார் 330 துருவ் ஹெலிகாப்டர்கள் நிறுத்தப்பட்டன. ராணுவம், விமானப்படை ஹெலிகாப்டர்கள் திரும்ப பறக்க மே மாதம் ஆகிவிட்டது.

அது என்ன ஸ்வாஷ் பிளேட்? மேலே விசிறி சுற்றுகிறது. கீழே பைலட் கையில் கம்பு இருக்கிறது. சுற்றாத கம்பின் அசைவை சுற்றுகிற இறக்கைக்கு கொண்டு போக வேண்டும். அதுக்குத்தான் ஒன்றின்மேல் ஒன்றாக 2 தட்டு. கீழ்த்தட்டு சுற்றாது, மேல்தட்டு இறக்கையோடு சேர்ந்து சுற்றும், நடுவில் பேரிங். இது உடைந்தால் பைலட் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் கம்பை ஆட்டிப் பிரயோஜனம் இல்லை.

ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது பிரேக் சூடாகி பிடிக்கவில்லை என்றால் டிரைவர் கியரை குறைப்பார், ஹேண்ட் பிரேக் போடுவார், கடைசியில் மண்மேட்டில் ஏற்றியாவது நிறுத்துவார். துருவ் ஹெலிகாப்டரிலும் என்ஜின் 2 உண்டு, ஒன்று போனால் இன்னொன்று. ஆனால் மெயின் கியர் பாக்ஸ், ரோட்டார் தண்டு, ஸ்வாஷ் பிளேட் இதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். "கிரிட்டிக்கல் பார்ட்ஸ்" என்று தனியாக பிரித்து வைத்திருப்பது இந்த மாதிரி பாகங்களைத்தான்.

மாற்று கிடையாது என்பதால் பலவற்றுக்கு ஆயுசை மணிக்கணக்கில் எழுதி விடுகிறார்கள். அத்தனை மணி நேரம் பறந்துவிட்டால் பார்க்க பளபளவென்று இருந்தாலும் கழற்றிவிட வேண்டும். நம்ம ஊர் மாதிரி "இன்னும் 6 மாசம் ஓடும் விடுப்பா" கதையெல்லாம் அங்கே ஆகாது.

நார்வேயில் நடந்தது

அப்படி பார்த்தும் ஏமாந்தது உண்டு. 2016 ஏப்ரல் 29-ந் தேதி நார்வேயில் எண்ணெய் கிணறு ஊழியர்களை ஏற்றி வந்த ஹெலிகாப்டரின் விசிறி மொத்தமாக நடுவானில் கழன்று போய் 13 பேரும் பலி. கியர் பாக்சுக்குள் ஒரு பல்சக்கரத்தில் வெளியே தெரியாமல் உள்ளுக்குள்ளேயே விரிசல் ஓடி இருக்கிறது. எண்ணெயில் இரும்புத்தூள் விழுந்தால் காட்டிக்கொடுக்கும் கருவியும் எச்சரிக்கை கொடுக்கவில்லை.

சேலத்துக்கு என்ன?

2019 ஜனவரியில் தொடங்கிய தமிழ்நாடு பாதுகாப்பு தொழில் பாதையில் சென்னை, கோவை, ஓசூர், திருச்சியோடு சேலமும் ஒரு மையம். ஆர்டர் வந்தால் நல்லதுதான், மலை கிராமத்து பசங்களுக்கும் கீழே வேலை கிடைக்கும். நம்ம லேத் பட்டறை ஆட்களின் கைவேலையில் குறை சொல்ல முடியாது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கடைசல் முடிந்த பாகத்தோடு அந்த உலோகம் எந்த உருக்கில் வந்தது, என்ன சூட்டில் பதப்படுத்தினார்கள், விரிசல் சோதனையை யார் செய்தது என்று பேப்பரும் கூடவே போக வேண்டும். ஒன்று உடைந்தால், அதே உருக்கில் செய்த மற்றது எந்தெந்த ஹெலிகாப்டரில் இருக்கிறது என்று தேட வேறு வழி இல்லை. விமான என்ஜின் பாகங்களையே போலி சான்றிதழோடு லண்டன் கம்பெனி ஒன்று விற்றது 2023-ல் அம்பலமாகி பல நாடுகளில் விமானங்களை நிறுத்தி சோதித்தார்கள்.

இங்கே ஜி.எஸ்.டி. பில்லையே மாசக்கடைசியில் உட்கார்ந்து தேடுகிற பட்டறைகள் எத்தனை என்பது அந்தந்த முதலாளிகளுக்கே தெரியும்.