குந்த ஒரு எடம்

கோடை லீவு வந்தால் போதும், பத்திரிகைக்காரர்கள் ஒரு பட்டியலைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். சென்னையைச் சுற்றிக் குடும்பத்தோடு போய்வர இடங்கள். வண்டலூர் மிருகக்காட்சி சாலை, கிண்டி சிறுவர் பூங்கா, முட்டுக்காட்டுப் படகு, செம்மொழிப் பூங்கா, கடற்கரைச் சாலை நெடுக ராட்டினம் வைத்த கேளிக்கைப் பூங்காக்கள். எல்லாம் சரி. எந்தக் குடும்பம் என்பதை மட்டும் எழுதுவதில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2024 அக்டோபரில் கதீட்ரல் சாலையில் கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவைத் திறந்தார்கள். ஆறு ஏக்கர், சுமார் 46 கோடி ரூபாய் அரசுப் பணம். நுழையப் பெரியவர்களுக்கு 100, சிறுவர்களுக்கு 50. புருசன் பொஞ்சாதி, ரெண்டு புள்ளைங்க என்றால் முந்நூறு ரூபாய். கம்பியில் தொங்கிப் போகிற விளையாட்டுக்குப் பெரியவர்களுக்கு 250 தனி. அதே வருசம் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவித்த நாள்கூலி 319. அது எந்த ஊரில் முழுசாகக் கைக்கு வந்தது? காணையிலிருந்து கெளம்புகிறவர் விழுப்புரம் வந்து, மெட்ராஸ் பஸ் பிடித்து, கிளாம்பாக்கத்தில் எறங்கி, மறுபடியும் பஸ் ஏறிப் பட்டணத்துக்குள்ளே வரணும். பூங்கா கேட்டண்டை வந்து நிற்பதற்குள்ளேயே ஒரு நாள் கூலி காலி.

இதைச் சொன்னால் ரெண்டு பக்கமும் கேலி. "கூழுக்கே வழியில்ல, பார்க்கு கேக்குதாம்" என்கிறது ஊர்த்தெரு. நம்ம தோழர்களோ, "நிலம், கூலி, படிப்பு. பூங்காவ அப்புறம் பாக்கலாம்" என்கிறார்கள். ஊர்த்தெருவுக்குப் பதில் தேவையில்லை. தோழர்களைத்தான் கேட்கிறேன், குந்துவது நமக்கு எப்போதய்யா சின்ன விசயமாக இருந்தது?

ஆலமரத்தடி மேடை யாருடையது? ஆண்டை வரும்போது திண்ணையிலிருந்து எழுந்து நின்றவர்கள் யார்? டீக்கடை பெஞ்சு காலியாகக் கிடக்க, தரையில் குத்துக்காலிட்டு டீ குடித்தவர்கள் யார்? பழைய கதை என்று தள்ளிவிட வேண்டாம். பக்கத்துக் கடலூர் மாவட்டம், தெற்குத்திட்டை. 2020இல் ஊராட்சித் தலைவராக இருந்த நம்ம பெண்ணைக் கூட்டத்தில் தரையில் குந்தவைத்துவிட்டு மற்றவர்கள் நாற்காலியில் சாய்ந்திருந்த படத்தை நாடே பார்த்தது. தலைவர் பதவி கிடைத்தது, நாற்காலி கிடைக்கவில்லை.

பட்டணத்துப் பூங்கா பெஞ்சு நமக்கு அதனால்தான் வேறு பொருள். அங்கே பக்கத்தில் குந்துகிறவன் "எந்தத் தெரு?" என்று கேட்பதில்லை. சாதி தாண்டிப் பழகுகிற புள்ளைங்களுக்கு அரை மணி நேரம் பேச வேறே எடம் ஏது? 'குடும்பத்தோடு வருபவர்கள் மட்டும்' என்று போர்டு மாட்டி அவர்களைத் துரத்துகிறவன் எந்தக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறான் என்று நமக்குத் தெரியாதா என்ன.

இது யாரும் போட்ட பிச்சை இல்லை. 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம் பொதுச்சாலை, கிணறு, குளம், பொதுக்கட்டடம் எல்லாவற்றையும் நமக்குத் திறந்துவிடச் சொன்னது. அரசியல் சட்டத்தின் 15(2) அதை இன்னும் விரித்தது. கடை, ஓட்டல், கேளிக்கை இடம், அரசுப் பணத்தில் நடக்கிற பொதுமக்கள் கூடும் இடம், எதிலும் சாதியைச் சொல்லி ஒருவரையும் நிறுத்தக் கூடாது. சாதியைச் சொல்லித்தானே நிறுத்தக் கூடாது? ரேட்டைச் சொல்லி நிறுத்தலாம். நம்ம விழுப்புரம் மாவட்டத்து மேல்பாதியில் நாம் உள்ளே போனதற்காகக் கலகம் செய்தார்கள், 2023 ஜூனில் திரௌபதி அம்மன் கோயிலுக்கே சீல் வைக்கவேண்டி வந்தது. பூங்காவுக்குச் சீல் எதற்கு, டிக்கெட்டு போதும்.

டிக்கெட்டாவது கேட்டில் நிறுத்துகிறது. கூவம், அடையாற்றுக் கரைகளில் நடந்தது அதைவிட மோசம். ஆற்றைச் சீர்செய்யும் திட்டத்தில் குடிசைகளை அகற்றுவதும் கரையில் நடைபாதை, பூங்கா போடுவதும் ஒன்றாகவே எழுதப்பட்டன. பிழைக்க வந்து அந்தக் கரையில் குடிசை போட்டவர்களில் பெரும்பகுதி நம்ம சனம். 2000 வாக்கில் கண்ணகி நகர், அப்புறம் செம்மஞ்சேரி, அப்புறம் பெரும்பாக்கம் என்று லாரியில் ஏற்றிக்கொண்டுபோய்ப் போட்டார்கள். புள்ளைங்களின் பள்ளிக்கூடம் போனது, வீட்டு வேலைக்குப் போன பெண்களின் பிழைப்பு போனது. வெள்ளத்துக்குத் தடை என்றார்கள். ஆற்றை ஒட்டிய பெரிய கட்டடங்கள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன.

கேட்டும் டிக்கெட்டும் இல்லாமல் மிச்சமிருப்பது மெரினா. காணும் பொங்கலன்று பாருங்கள், சோத்துமூட்டையோடு நம்ம சனம் அங்கே நிறைந்து கிடக்கும். மறுநாள் பேப்பரில் என்ன வரும்? எத்தனை டன் குப்பை அள்ளினார்கள் என்று. அள்ளினவர்களும் நாம்தான், அதை எழுதமாட்டான்.

அள்ளுகிற அந்தத் தூய்மைப் பணியாளர்கள், அதிகமும் பெண்கள், 2025 ஆகஸ்ட் 1 முதல் ரிப்பன் மாளிகை வாசலில் குந்தினார்கள். வேலையைத் தனியாருக்கு விடாதே என்றுதான் கேட்டார்கள். நடைபாதையை மறிக்கிறார்கள் என்று கோர்ட்டு உத்தரவைக் காட்டி, 13ஆம் தேதி நடுராத்திரியில் போலீஸ் அவர்களைத் தூக்கி பஸ்ஸில் ஏற்றியது. அந்த மாளிகை நிற்கிற மண் எது தெரியுமா? வெள்ளைக்காரன் காலத்துப் 'பீப்பிள்ஸ் பார்க்', மக்கள் பூங்கா. மாளிகை, மார்க்கெட்டு, ஸ்டேடியம் என்று அரிந்து அரிந்து தின்றுவிட்டார்கள். பார்க் டவுன் என்கிற பேர் பாக்கி.

அரசுப் பணத்தில் போட்ட பூங்காவுக்கு டிக்கெட்டு கூடாது. கரையிலிருந்து பெயர்த்த சனத்துக்குப் பெரும்பாக்கத்தில் நிழலும் பெஞ்சும் உள்ள பூங்கா வேண்டும். நம்ம காணை ஒன்றியத்தில் எந்த ஊராட்சியில் பூங்கா போட்டாலும் ஊர்த்தெருப் பக்கம் ஒரு வாசல் வைத்தால் காலனிப் பக்கமும் ஒரு வாசல் வை. ரெண்டுக்கும் பூட்டு வேண்டாம்.