ஒரு மோசமான நாளே முடிவாகிவிடலாமா?

2024ஆம் ஆண்டு மே 18. நள்ளிரவு தாண்டியும் தேக்கா பக்கம் ஓர் உணவுக்கடையில் நண்பர்களுடன் கைப்பேசியில் ஐபிஎல் பார்த்துக்கொண்டிருந்தேன். பெங்களூரு அணியை வெல்ல சென்னைக்குக் கடைசி ஓவரில் 35 ஓட்டங்கள் தேவை. ஆனால், பிளே-ஆஃப் சுற்றுக்குச் செல்ல 17 ஓட்டங்களே போதும். முதல் பந்தில் டோனி சிக்சர் அடித்தார். அடுத்த பந்திலேயே ஆட்டமிழந்தார்.

“தோற்றாலும் எப்படி அடுத்த சுற்றுக்குப் போக முடியும்?” என்று ஒரு தோழி கேட்டாள்.

இரு அணிகளுக்கும் 14 புள்ளிகள். அப்படிச் சமமானால் நிகர ஓட்ட விகிதம் பார்க்கப்படும். அதில் 14 ஆட்டங்களின் ஒவ்வோர் ஓட்டமும் அடங்கும். அன்று 10 ஓட்டங்கள் குறைந்ததால் சென்னை வெளியேறியது. அந்தப் பத்து ஓட்டங்களை முந்தைய ஆட்டங்களிலேயே சேர்த்து வைத்திருக்கலாம்.

பத்து அணிகளில் முதல் நான்கு பிளே-ஆஃப் செல்கின்றன. மூன்றாம், நான்காம் இடத்தவர்கள் எலிமினேட்டரில் மோதுவார்கள், தோற்றால் வீட்டுக்குத்தான். முதல் இரு இடத்தவர்கள் மோதும் ஆட்டத்தில் வென்றவர் நேராக இறுதியாட்டத்துக்குப் போவார். தோற்றவருக்கோ எலிமினேட்டரில் வென்றவருடன் மோத இன்னொரு வாய்ப்பு உண்டு. 2017ல் பட்டியலில் முதலிடம் பிடித்த மும்பை, புனேயிடம் தோற்றது. அந்த மறுவாய்ப்பில் வென்று, இறுதியாட்டத்தில் அதே புனேயை ஒரே ஓட்டத்தில் வீழ்த்திக் கிண்ணம் வென்றது.

அமெரிக்கக் காற்பந்தின் என்எஃப்எல் லீக்கில் அந்தக் கருணை கிடையாது. இப்போது 32 அணிகளில் 14 பிளே-ஆஃப் செல்கின்றன. இரு பிரிவுகளிலும் முதலிடம் பெறும் அணிக்கு முதல் வாரம் ஓய்வு. அதன்பிறகு ஒருமுறை தோற்றாலே கதை முடிந்தது. 2011 பருவத்தில் கிரீன் பே பேக்கர்ஸ் 16 ஆட்டங்களில் 15ல் வென்றது. பிளே-ஆஃபில் ஆடிய முதல் ஆட்டத்திலேயே 20-37 எனத் தோற்று வெளியேறியது. அதை வீழ்த்திய நியூயார்க் ஜயண்ட்ஸ், லீக் சுற்றில் ஒன்பதே வெற்றிகள் பெற்ற அணி. கிண்ணம் அதற்குத்தான்.

பரபரப்புக்கு அது பொருந்தலாம். நியாயத்துக்கு ஐபிஎல் முறையே மேல் என்பேன்.

சாதாரண நிலைத் தேர்வில் கணிதத் தாள் எழுதிய நாளில் எனக்குக் கடும் காய்ச்சல். ஆண்டு முழுவதும் நன்றாகச் செய்த பாடத்தில் சறுக்கினேன். விரும்பிய தொடக்கக் கல்லூரி கைநழுவியது. பலதுறைத் தொழிற்கல்லூரியில் சேர்ந்தேன். அங்கு மூன்றாண்டு மதிப்பெண்களின் சராசரிதான் என்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுவந்தது. அதில் மோசமான நாள்களும் இருந்தன. ஆனால், எந்த ஒரு நாளும் என் முடிவாகவில்லை.

மறுவாய்ப்பு தந்தால் மெத்தனம் வரும் என்பார்கள். ஐபிஎல்லில் அது எல்லாருக்கும் கிடைப்பதில்லை. பருவம் முழுவதும் உழைத்து முதல் இரண்டு இடங்களுக்குள் வந்தவர்களுக்கே கிடைக்கிறது. நம் கல்வியிலும் ஆண்டு முழுவதும் செய்த வேலைக்கு இன்னும் அதிக மதிப்பு தரவேண்டும். ஒரே நாளில் தடுமாறிய நல்ல மாணவருக்கு அதுவே மறுவாய்ப்பாக அமையும்.

அதுவரை, அடுத்த வாரச் சிறு தேர்வை அலட்சியம் செய்யாதீர்கள். அந்தப் பத்து ஓட்டங்கள் அதில்கூட இருக்கலாம்.