மன்னிக்க வேண்டியவர் யார்?

விலைமகள் ஒருத்தி நல்லவன் ஒருவனின் காதலால் மீட்கப்பட்டாள். யூஜின் ஓநீலின் ‘அன்னா கிறிஸ்டி’ நாடகத்தை இப்படி ஒரே மூச்சில் சொல்லி முடிப்போர் உளர். கிறிஸ்தவ நெஞ்சுக்கு இச்சுருக்கம் இனிக்கவும் செய்யும். ஆயினும் அது நாடகத்துக்கு இழைக்கும் அநீதி. மீட்பைக் குறித்த நமது விசுவாசத்துக்கும் இழுக்கு.

1921 நவம்பரில் நியூயார்க்கில் அரங்கேறி, 1922இல் புலிட்சர் பரிசு பெற்ற நாடகம் இது. அன்னாவின் தந்தை கிறிஸ் சுவீடன் நாட்டவர். நிலக்கரிப் படகொன்றின் தலைவர். கடலின் காற்றுகூட மகள்மீது படலாகாது எனச் சாக்குச் சொல்லி, தாயை இழந்த அவளை மினசோட்டா மாநிலத்தில் உறவினர் பண்ணையிலேயே விட்டுவைத்தவர். பதினைந்து ஆண்டுகள் அவள் முகத்தைப் பாராதவர். அங்கே அவள் கூலியில்லாப் பணிப்பெண்ணாய் உழன்றாள். பதினாறு வயதில் அவ்வீட்டு இளைய மகனே அவளைச் சீரழித்தான். பின்பு பிறர் குழந்தைகளைப் பேணும் வேலை. முடிவில் செயின்ட் பால் நகரின் விலைமகளிர் இல்லம். இக்கதையில் முதற்பாவி யார்?

கப்பலுடைந்து, கிறிஸின் படகில் கரையேறியவன் மாட் பர்க். நீராவிக் கப்பலின் உலையில் கரி அள்ளிப்போடும் ஐரிஷ்காரன், கத்தோலிக்கன். அவளை மணக்க விழைகிறான். மூன்றாம் அங்கத்தில் தந்தையும் அவனும் அவள் தங்கள் உடைமை என்பதுபோல வழக்காடும்போது, தான் எவருக்கும் உடைமையல்ல என்று சீறி, தன் கடந்த காலம் முழுவதையும் அன்னா தானே கொட்டிவிடுகிறாள். எவரும் துருவிக் கேட்டு வாங்கிய வாக்குமூலமன்று அது. மறைத்திருந்தால் மணவாழ்வு கைகூடியிருக்கும். உண்மையின்றி மணம் வேண்டாம் என்று அவள் துணிந்த அக்கணத்தில் அவளது மீட்பு தொடங்கிவிட்டது. அப்போது மாட் என்ன செய்தான்? சபித்தான், அடிக்க நாற்காலியை ஓங்கினான், குடிக்கப் போனான். துறைமுகந்தோறும் ஒரு பெண்ணைத் தேடிய நீ என்னிலும் எவ்வகையில் மேலானவன் என்று அவள் கேட்ட கேள்விக்கு அவனிடம் மறுமொழி இல்லை. பல விமர்சகரிடமும் இல்லை.

நான்காம் அங்கத்தில் அவன் திரும்பி வந்து, தன் தாய் தந்த பாடுபட்ட சுரூபத்தை அவள் கையில் திணித்து, வேறெவரையும் நேசித்ததில்லை என்று ஆணையிடச் சொல்கிறான். அவளும் ஆணையிடுகிறாள். அதன்பிறகே, அவள் கத்தோலிக்கப் பெண் அல்லள், லூத்தரன் குடும்பத்தவள் என அறிந்து தவிக்கிறான். பலர் இதை நகைச்சுவை என்று கடந்துவிடுகின்றனர். எனக்கோ நாடகத்தின் உயிரே இங்குதான் இருக்கிறது. சுரூபத்தை நீதிமன்றச் சாட்சிக் கூண்டாக்கியவன், அந்தக் கூண்டும் பயன்படாதெனக் கண்டு, அவளது வெறும் வார்த்தையை நம்பியே அவளை ஏற்க வேண்டியவனாகிறான். மனமாற்றம் அவனுடையது. அவனிடம் ஆணை கேட்டவர் எவருமில்லை என்பதையும் குறித்துக்கொள்வோம்.

தந்தை மன்னிப்புக் கேட்கிறார். அன்னா தயங்காமல் அளிக்கிறாள். எவர்மீதும் குற்றமில்லை என்று மூவரையும் சேர்த்தே விடுவிப்பவள் அவள்தான்.

‘மகதலேனாக் கதை’ என்று இதற்குப் பெயர் சூட்டுவோர்க்கு ஒன்று. மகதலா மரியாவைப் பெயரற்ற பாவிப் பெண்ணோடு ஒன்றாக்கிய வழக்கம், 6ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெரிய கிரகோரியார் ஆற்றிய மறையுரையால் வேரூன்றியது. நற்செய்தியில் அதற்கு ஆதாரமில்லை. 1969ஆம் ஆண்டின் திருவழிபாட்டு நாள்காட்டித் திருத்தம் அதைக் கைவிட்டது; 2016இல் அவரது நினைவுநாள், திருத்தூதர்களுடையதைப் போன்றே, விழாவாக உயர்த்தப்பட்டது. திருச்சபை திருத்திக்கொண்டதை நாடக விமர்சகர் இன்னும் சுமப்பானேன்?

இது மகிழ்ச்சியான முடிவாம்! அவ்வாறு பொருள்கொண்டதற்கு ஓநீலே வருந்தினார். மேடையில் நிகழ்வதைப் பாருங்கள்: அன்னாவை விட்டோட எண்ணி, ஒருவரையொருவர் அறியாமலே, தந்தையும் காதலனும் ஒரே கப்பலில் பெயர் பதிந்துவிட்டனர். அவள் வீடமைத்துக் காத்திருக்கச் சம்மதிக்கிறாள். வெளியே மூடுபனி. கப்பல் மறுநாள் புறப்படுகிறது.