மார்கழியின் மேல் போடும் பழி

மார்கழி பிறந்துவிட்டால் விருத்தாசலத்து மெக்கானிக் கடைகளில் ஒரு தீர்ப்பு தயாராக இருக்கும்: "பனி சார், அதான் செல்ஃப் எடுக்கல." கார் வைத்திருப்பவரும் தலையாட்டிவிட்டுப் புது பேட்டரிக்குப் பணம் எடுத்து வைப்பார். வண்டி காலையில் மக்கர் செய்வது உண்மை. காரணம் குளிர் என்பதுதான் பொய். இந்த ஊரில் மார்கழி, தை விடியலில் வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டியே நிற்கும். நமக்குப் போர்வை தேவைப்படலாம். உறைபனி நாடுகளிலும் ஓடுவதற்கென்று வடிவமைத்த இயந்திரத்துக்கு 20 டிகிரி ஒரு குளிரே அல்ல.

ஆயில் கெட்டியாகி இன்ஜின் இறுகிவிடுகிறது என்பது முதல் வாதம். நம் ஊர்க் கடைகளில் கிடைப்பவற்றில் 20டபிள்யூ-40 கனமான ரகம். அந்த ரகத்துக்கே, மைனஸ் 15 டிகிரியில் இன்ஜினைச் சுற்றவிடும் அளவு இளக்கம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் தர எண் கொடுக்கிறார்கள். இப்போதைய கார்களுக்கு ஊற்றும் 5டபிள்யூ-30 மைனஸ் 30 வரை தாங்கும். மே மாதத்தைவிட மார்கழி விடியலில் ஆயில் கொஞ்சம் கனப்பது நிஜம்தான். நல்ல பேட்டரி அதைப் பொருட்படுத்தாது.

அந்தப் பேட்டரியைக் குளிர்தான் சாகடிக்கிறது என்பார்கள். இங்கேதான் கதை தலைகீழ். பேட்டரியின் மேல் அச்சிட்டிருக்கும் சி.சி.ஏ. எண்ணைப் பாருங்கள். மைனஸ் 18 டிகிரியில் 30 விநாடிக்கு அது தரக்கூடிய ஆம்பியர் அளவு அது. 30 டிகிரியிலிருந்து 20 டிகிரிக்கு இறங்கினால் அதன் திறனில் நூற்றுக்குப் பத்துகூடக் குறைவதில்லை. ஆனால் வெயில் அப்படியல்ல. அக்னி நட்சத்திரத்தில் விருத்தாசலம் 40 டிகிரியைத் தாண்டும். அடித்த வெயிலில் ஓடி வந்து நிற்கும் காரின் பானெட்டுக்குள் சூடு அதற்கும் வெகு மேலே போகும். ஈயத் தகடுகளின் அரிப்பும், அமிலத்திலுள்ள தண்ணீர் வற்றுவதும் சூட்டில்தான் வேகமெடுக்கும். ஏறத்தாழ 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பேட்டரித் தொழிலில் பழகிய கணக்கு. ஆக, சித்திரையிலும் வைகாசியிலும் நடந்த சேதம் மார்கழியில் வெளியே தெரிகிறது. வெயில் நாளில் ஆயில் இளகியிருப்பதால் அரை உயிர் பேட்டரிகூட இன்ஜினைச் சுற்றிவிடும். விடியலில் சற்றே கூடுதல் பலம் கேட்டதும் குட்டு உடைந்துவிடுகிறது.

"அப்படியானால் வெயில் ஏறியதும் அதே வண்டி எப்படி ஸ்டார்ட் ஆகிறது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்காத பெட்ரோல் வண்டியில் இதற்குப் பெரும்பாலும் காரணம் குளிர் அல்ல, ஈரம். ஈரம் செய்யும் வேலையை இன்சுலேட்டரும் ஃப்யூஸ் கேரியரும் செய்து பழகிய பீங்கான் ஊரான விருத்தாசலத்துக்கு விளக்க வேண்டியதில்லை. மெருகு பூசிய பீங்கான் மின்சாரத்தை மறிக்கும். அதன் மேல் தூசி படிந்து, தூசியில் பனி இறங்கினால், மின்சாரம் மேற்பரப்பு வழியாகவே ஓடிவிடும். ஸ்பார்க் பிளக்கின் வெள்ளை உடலும் பீங்கான் இனம்தான். அதில் அழுக்குப் படிந்திருந்தாலோ, மேலே செருகும் ரப்பர் உறையும் எச்.டி. கார்டும் வெடித்திருந்தாலோ, பொறி உள்ளே போகாமல் வெளியிலேயே கசிந்துவிடும். விடியும் முன் இருட்டில் பானெட்டைத் திறந்து, கை வைக்காமல், வேறொருவரைச் சாவி போடச் சொன்னால் நீலப் பொறி தாவுவது சில வண்டிகளில் கண்ணுக்கே தெரியும். வெயில் வந்து ஈரத்தைக் காயவைத்ததும் வண்டி கிளம்பும். "குளிர் போயிடுச்சு, வண்டி வந்துடுச்சு" என்று நாம் முடித்துக்கொள்கிறோம்.

பெட்ரோல் ஆவியாகாது, டீசல் உறையும் என்பதெல்லாம் லடாக்குக்குப் பொருந்தும். மைனஸ் 33 டிகிரியிலும் உறையாத டீசலை இந்தியன் ஆயில் 2019-இல் அந்த மக்களுக்காகத்தான் கொண்டுவந்தது. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பழைய டீசல் வண்டிகளில் ஹீட்டர் பிளக் ஒன்று செத்துவிட்டால் 20 டிகிரியிலும் வித்தியாசம் தெரியும்: இன்ஜின் உதறும், வெள்ளைப் புகை வரும், ஒரு நிமிடத்தில் சரியாகும். அங்கும் பழுது பிளக்கில்தான்.

தவறான காரணத்துக்குத் தவறான வைத்தியம். காலையில் 10 நிமிடம் ஐடிலில் விட்டால் பேட்டரி ஏறிவிடும் என்கிறார்கள். ஐடிலில் ஆல்டர்னேட்டர் தருவது கொஞ்சம், இளைத்த பேட்டரிக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. ஆக்சிலேட்டரை மிதித்து மிதித்து சாவி போடுவது கார்புரேட்டர் காலத்துப் பழக்கம். இப்போதைய கார்களில் எவ்வளவு பெட்ரோல் என்பதைக் கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது, சிலவற்றில் முழுதாக மிதித்தால் பெட்ரோல் வருவதே நின்றுவிடும்.

சோதிப்பது இதைவிட எளிது, ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். இரவு முழுக்க நின்ற வண்டியில், சாவி போடும் முன் பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும், 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி முடிந்தது. வண்டி ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி இல்லையென்றால் குறை சார்ஜிங்கில்; அங்கே புது பேட்டரி வாங்குவது வீண் செலவு. ஓய்வில் வோல்ட் நன்றாகக் காட்டியும் "டக்" என்று ஒரு சத்தத்தோடு நின்றால் முதலில் டெர்மினலையும் எர்த் வயரையும் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அங்கே வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும். நெகட்டிவை முதலில் கழற்றி, ஆப்பசோடா கரைத்த வெந்நீரில் கழுவி, நன்றாகத் துடைத்து முடுக்கி, வாசலின் தடவினால் பல வண்டிகள் அன்றைக்கே கிளம்பிவிடும். பேட்டரி மூன்று வயதைத் தாண்டியிருந்தால் மார்கழி வரை காத்திராமல் ஆவணியிலேயே ஒரு லோடு டெஸ்ட் போட்டுவிடுங்கள்.